முட்டித் தேய்மானத்துக்கு எந்த பிரேஸ்? நீ கேப் முதல் ஓஏ பிரேஸ் வரை

"முட்டி வலிக்கு ஒரு நீ கேப் கொடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் திரும்பி வருவது ஒரே கேள்விதான்: "என்ன சைஸ்?" வலி முட்டியின் உள்பக்கமா முன்பக்கமா, கால் வளைந்திருக்கிறதா, நடக்கும்போது மடங்குகிறதா, சர்க்கரை உண்டா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் பல வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில் இரண்டு மூன்று நீ கேப்கள் கிடக்கின்றன. வலி மட்டும் குறையாமல் இருக்கிறது. இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். சில நூறு ரூபாயில் ஒன்று, பல பத்தாயிரத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் 'முட்டி வலிக்குத் தீர்வு' என்ற ஒரே விளம்பரம்.

இங்கே ஒப்பிடுவது நான்கு வகை பிரேஸ்களை: நீ கேப், சில்லு பிரேஸ், கீல் பிரேஸ், ஓஏ (மூட்டுத் தேய்மானத்தின் ஆங்கிலச் சுருக்கம்) பிரேஸ். கூடவே, பட்டியலில் எப்போதும் விட்டுப்போகும் கைத்தடியையும் சேர்த்திருக்கிறோம். மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் உறுதி செய்த, அறுபது வயதைக் கடந்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம். விளையாட்டில் அடிபட்ட முட்டிக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகான முட்டிக்கும் கணக்கு வேறு.

## முதலில் பார்க்க வேண்டியவை

வலி எங்கே? இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முட்டிக்குள் மூன்று அறைகள் உண்டு: உள்பக்கம், வெளிப்பக்கம், முட்டிச் சில்லுக்கு அடியில் முன்பக்கம். நடக்கும்போது உடல் பாரத்தில் பெரும்பங்கை உள்பக்கம் தாங்குவதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். சமதளத்தில் நடந்தாலே உள்பக்கம் வலித்தால் அது ஒரு கதை. சமதளத்தில் பரவாயில்லை, ஆனால் மாடிப்படி இறங்கும்போதும் தாழ்வான நாற்காலியிலிருந்து எழும்போதும் முன்பக்கம் வலிக்கிறது என்றால், அது சில்லு சார்ந்த வேறு கதை.

விரல் காட்டும் இடம் மூட்டுக்கோட்டிலிருந்து மூன்று நான்கு விரல் கீழே, கீழ்க்கால் எலும்பின் உள்பக்கம் என்றால், அங்குள்ள தசைநார்களும் நீர்ப்பையும் வீங்கியிருக்கலாம். தேய்மானத்தோடு சேர்ந்தே இது வரும். இறுக்கமான பிரேஸ் அந்த இடத்தை அழுத்தி வலியைக் கூட்டும். இன்னொன்றும் உண்டு: இடுப்பு மூட்டு தேய்ந்தாலும் வலி முட்டியில் தெரியும். கால் நகம் வெட்டக் குனியும்போதோ, கால் மேல் கால் போடும்போதோ கவட்டையில் பிடித்தால் முதலில் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வலிக்கு எந்த நீ பிரேஸும் உதவாது.

கால் எப்படி நிற்கிறது? வெறுங்காலோடு, கணுக்கால்கள் ஒட்ட நிற்கச் சொல்லி முன்னாலிருந்து பாருங்கள். முட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து கால் வில்லாக வளைந்திருந்தால் பாரம் உள்பக்கம் விழுகிறது. முட்டிகள் ஒன்றையொன்று உரசி, கணுக்கால்களைச் சேர்க்க முடியாவிட்டால் வெளிப்பக்கம். எக்ஸ்ரே எடுப்பதானால் நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி உள்ளதைவிட நன்றாகத் தெரியும். அதை நம்பி விலை கூடிய பிரேஸ் வாங்கக் கூடாது.

மடங்குகிறதா, ஆடுகிறதா? பெரியவர்கள் இரண்டையும் "கால் நிக்க மாட்டேங்குது" என்று ஒரே மாதிரிதான் சொல்வார்கள். முட்டி பக்கவாட்டில் ஆடுவது வேறு, முன்னோக்கி மடங்கிக் குப்பென்று விழப்போவது வேறு. ஏன் இந்த வித்தியாசம் முக்கியம் என்பது கீல் பிரேஸ் பகுதியில் வரும்.

தோலும் ரத்த ஓட்டமும். சர்க்கரையால் கால் மரத்தவர்கள், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், சுருள் நரம்பு பெரிதாக உள்ளவர்கள், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எந்த இறுக்கும் பிரேஸும் போடக் கூடாது. மரத்த காலில் பட்டை வெட்டினாலும் தெரியாது.

கைகள். விரல் மூட்டும் தேய்ந்தவரால் இறுக்கமான நீ கேப்பைப் பாதத்திலிருந்து முட்டி வரை இழுத்து ஏற்ற முடியாது. தினமும் காலையில் மகளோ மருமகளோ போட்டுவிட வேண்டியிருந்தால், அது சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும். கடையிலேயே, வாங்குபவர் இல்லாமல் போடப்போகிறவரே ஒரு முறை போட்டுக் கழற்றிப் பார்ப்பது சைஸ் பார்ப்பதைவிட முக்கியம்.

வெயில், உடை, கழிப்பறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் சார்ந்த துணி சில மணி நேரத்தில் வியர்வையில் நனைந்துவிடும். கீலின் உலோகம் உள்பாவாடையிலும் புடவை மடிப்பிலும் மாட்டும். வேட்டிக்கும் நைட்டிக்கும் தொல்லையில்லை, ஒட்டிய பேன்ட்டுக்கும் லெக்கிங்ஸுக்கும் உள்ளே போகாது. தரையில் உட்காரும் கழிப்பறை இருக்கும் வீட்டில் எந்த பிரேஸ் போட்டாலும் முட்டி முழுதாக மடங்க வேண்டியிருக்கும், அந்த இடத்தில் பிரேஸ் எதிராகவே வேலை செய்யும். அங்கே முதல் செலவு உயரமான கழிப்பறை இருக்கையும் சுவர்க் கைப்பிடியுமே.

## பிரேஸிடம் என்ன எதிர்பார்க்கலாம்

தேய்ந்த குருத்தெலும்பை எந்த பிரேஸும் வளர்க்காது, வளைந்த காலை நிமிர்த்தாது. போட்டிருக்கும் நேரத்தில் வலியைக் குறைத்து, நடையையும் பயிற்சியையும் சாத்தியமாக்குவதே அதன் வேலை.

மருத்துவ வழிகாட்டிகளே இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டி, நடை, மூட்டு உறுதி, வலி ஆகியவற்றில் தேய்மானம் பெரிய பாதிப்பு ஏற்படுத்தியவர்களுக்குத் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் மூட்டுக்கான பிரேஸை வலுவாகப் பரிந்துரைக்கிறது. சில்லுக்கான பிரேஸை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியோ எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. மூட்டு நிலையில்லாமலோ பாரம் தவறாக விழுந்தோ இருக்க வேண்டும், பிரேஸ் இல்லாமல் பயிற்சி பலிக்காமலோ செய்ய முடியாமலோ இருக்க வேண்டும், பிரேஸ் போட்டால் நடமாட்டம் கூட வேண்டும்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது: லேசான வலிக்கு விலை கூடிய பிரேஸ் தேவையில்லை, பாரம் ஒரு பக்கம் விழும் முட்டிக்குச் சரியாகப் பொருந்திய பிரேஸ் உதவும், இரண்டிலுமே பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

| வகை | செய்யும் வேலை | யாருக்குப் பொருந்தும் | மறைந்திருக்கும் தொல்லை | விலை |
|---|---|---|---|---|
| நீ கேப் | கதகதப்பு, லேசான அழுத்தம், மூட்டைப் பற்றிய உணர்வு | லேசான வலி, காலை விறைப்பு | தளர்ந்துபோதல், சுருளுதல், அரிப்பு | சில நூறு |
| சில்லு பிரேஸ் | சில்லைத் தடத்தில் பிடித்து வைத்தல் | படியில் வரும் முன்முட்டி வலி | பட்டை இறுகினால் சில்லு அழுந்தும் | நீ கேப்பைவிடச் சற்றுக் கூட |
| கீல் பிரேஸ் | பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுத்தல் | பக்கவாட்டில் ஆடும் முட்டி | எடை, வழுக்கி இறங்குதல் | ஆயிரத்தை ஒட்டி, அதற்கு மேல் |
| ஓஏ பிரேஸ் | தேய்ந்த பக்கத்திலிருந்து பாரத்தை மாற்றுதல் | ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த, கால் வளைந்த முட்டி | பொருத்தும் செலவு, மறுபொருத்தம், போட முடியாமை | சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் |
| கைத்தடி | உடல் பாரத்தில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றுதல் | ஒரு முட்டி அதிகம் வலிப்பவர் | மணிக்கட்டு வலி, தவறான கையில் பிடித்தல் | சில நூறு |

## நீ கேப்

நீளமான உறை மாதிரி மேலே ஏற்றிக்கொள்வது. துணியும் எலாஸ்டிக்கும் கலந்து பின்னியது ஒரு வகை, நியோப்ரீன் என்ற ரப்பர் நுரைத் துணியில் செய்தது இன்னொரு வகை. இது எந்தப் பாரத்தையும் தாங்காது. கதகதப்பாக வைத்திருக்கும், வீக்கத்தை லேசாக அமுக்கும். தோல் மீது படும் அழுத்தத்தால் முட்டி எங்கே இருக்கிறது என்ற உணர்வு மூளைக்குத் தெளிவாகப் போகும். "போட்டா கொஞ்சம் தைரியமா இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்தத் தைரியம் நடக்க வைத்தால் அதுவே பெரிய பயன்.

சென்னை, மதுரை வெயிலுக்குப் பின்னல் வகையே ஏற்றது. நியோப்ரீன் கதகதப்பு கூடுதலாகத் தரும், ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு நல்லது; சமவெளியில் வியர்க்குருவும் படையும் வரவழைக்கும். நியோப்ரீன் தயாரிப்பில் சேரும் ரசாயனங்களால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வரும். உறையின் அளவில் கச்சிதமாகச் சிவந்து அரித்தால் அது வியர்க்குரு இல்லை, அந்தப் பொருளையே மாற்ற வேண்டும்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் சைஸில்தான். நின்றபடி, சில்லின் நடுமையத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பால் அளக்க வேண்டும். வீங்கும் முட்டியானால் மாலையில் அளப்பது நல்லது. காலையில் அளந்து வாங்கியது சாயங்காலம் கடிக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்கள். இறுக்கமானது கூடுதல் பயன் தரும் என்ற எண்ணம் தவறு: இறுகிய உறையின் மேல்விளிம்பு உட்காரும்போது சுருண்டு முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாய்களை அழுத்தும், மாலையில் கணுக்கால் வீங்கும். முட்டிக்குப் பின்னால் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது மிகவும் வலிக்கும்.

மறைந்திருக்கும் செலவு, தேய்ந்துபோவது. தினமும் போட்டால் சில மாதங்களில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், அதற்குப் பிறகு அது வெறும் துணி. வாஷிங் மெஷினும் நேர் வெயிலும் அதன் ஆயுளைப் பாதியாக்கும். மிதமான சோப்பில் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். தினம் அணிபவர் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே சரி.

காந்தம் வைத்தது, செம்பு இழை கலந்தது, டூர்மலைன் தடவி 'தானே சூடாகும்' வகை ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். சூடாகும் வகை, மரத்த காலில் தோலைப் பொசுக்கவும் கூடும்.

## சில்லு பிரேஸ்

நடுவில் துளையும், துளையைச் சுற்றி மெத்தை வளையமும், பக்கத்திலிருந்து இழுக்கும் பட்டைகளும் கொண்டது. தேய்மானம் சில்லுக்கு அடியில் இருந்தால், அதுவும் சில்லு வெளிப்பக்கம் ஒதுங்கி உரசினால், இந்தப் பட்டை அதை உள்பக்கம் பிடித்து வைக்கும். உரசும் பரப்பு மாறும்.

இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் 126 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், சில்லு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 6 வாரம் இதை அணிந்தபோது வலி குறைந்தது. எம்ஆர்ஐ படத்தில் சில்லு மூட்டின் எலும்பு மஜ்ஜையில் தெரிந்த பாதிப்பின் அளவும் குறைந்தது. பிரேஸ் போட்டால் தொடைத் தசை சூம்பிவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. இந்த வளையும் வகை பிரேஸை வாரக்கணக்கில் அணிந்தவர்களை அளந்து பார்த்தபோது முன்தொடைத் தசையின் வலு குறையவில்லை. தசையைச் சூம்ப வைப்பது பிரேஸ் இல்லை, நடக்காமல் உட்கார்ந்திருப்பது.

வாங்கும்போது ஏமாற இரண்டு இடங்கள் உண்டு. துளை மட்டும் இருந்து பட்டையோ மெத்தை வளையமோ இல்லாவிட்டால் அது துளையிட்ட நீ கேப்தான், சில்லைப் பிடிக்காது. அடுத்து, சில்லுக்குக் கீழே கட்டும் ஒற்றைப் பட்டை: அது ஓட்டக்காரர்களுக்கும் குதிப்பவர்களுக்கும் வரும் தசைநார் வலிக்கானது, தேய்மானத்துக்கானது இல்லை. விலை மலிவு என்று பலர் அதை வாங்கி விடுகிறார்கள்.

போடும்போது காலை நீட்டித் தொடையைத் தளர்த்த வேண்டும். தசை இறுகியிருந்தால் சில்லு நகராது. துளை சில்லைச் சுற்றிச் சரியாக உட்கார்ந்த பிறகே பட்டையை இழுக்க வேண்டும். போட்டபின் ஒரு படி ஏறி இறங்கிப் பாருங்கள். வலி உடனே குறைந்தால் அது உங்களுக்கானது. கூடினால் பட்டையைத் தளர்த்தியோ இழுக்கும் திசையை மாற்றியோ பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் வாங்க வேண்டாம். கீழ்த்தளத்தில் குடியிருந்து, படியே ஏறாமல், தெருவில் நடக்கும்போது உள்பக்கம் வலிப்பவருக்கு இது வீண்செலவு.

## கீல் பிரேஸ்

இரண்டு பக்கமும் உலோகப் பட்டையும் நடுவில் கீலும் கொண்டது. பார்க்க உறுதியாக இருப்பதால் "கால் மடங்குது" என்றதும் கடைக்காரர் எடுத்து நீட்டுவது இதைத்தான். இங்கேதான் முன்னே சொன்ன வித்தியாசம் வருகிறது. பக்கவாட்டுக் கீல், முட்டி இடமும் வலமும் ஆடுவதைத் தடுக்கும். முட்டி முன்னோக்கி மடங்குவதை அது தடுக்காது. மடங்கி நீளத்தானே கீல் வைத்திருக்கிறார்கள்! தேய்மானம் உள்ள பெரியவர்களுக்குக் கால் மடங்குவதற்கு முக்கியமான காரணம் முன்தொடைத் தசை வலுவிழந்ததும், வலி வந்த கணத்தில் அந்தத் தசை தன்னால் தளர்ந்துவிடுவதும். அதற்கு மருந்து பயிற்சி. அது பலிக்கும் வரை கையில் தடி. கீல் பிரேஸை நம்பி மாடிப்படி இறங்கி விழுபவர்களை நினைத்தால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய சவ்வுக் காயத்தோடு தேய்மானமும் சேர்ந்தவர், நடக்கும்போது முட்டி வெளிப்பக்கம் தள்ளுவது கண்ணுக்கே தெரிபவர் ஆகியோருக்கு இது உதவும். கீலின் மையம் சில்லின் நடு மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நடக்க நடக்கப் பிரேஸ் இரண்டு விரல் இறங்கினாலும் கீலும் மூட்டும் வேறு வேறு இடத்தில் மடங்கும், அப்போது தொடையிலும் கெண்டையிலும் உரசிப் புண்ணாகும். மேலே பருத்துக் கீழே குறுகும் தொடை உள்ளவர்களுக்கு இது கட்டாயம் இறங்கும். முட்டிக்குச் சற்றுக் கீழே, கெண்டைச் சதை பருக்கத் தொடங்கும் இடத்துக்கு மேலே விழும் பட்டையே பிரேஸைத் தூக்கி நிறுத்துகிறது. அந்தப் பட்டையை முதலில் போட்டு, பிறகு தொடைப் பட்டைகளுக்குப் போனால் இறங்குவது குறையும்.

## ஓஏ பிரேஸ்

நான்கிலும் தேய்மானத்துக்கென்றே செய்யப்பட்டது இது ஒன்றுதான். அன்லோடர் என்றும் சொல்வார்கள். உள்பக்கம் தேய்ந்த முட்டியில், வெளிப்பக்கத்திலிருந்து மூட்டு மட்டத்தில் உள்நோக்கி ஓர் அழுத்தம். அதற்கு எதிராகத் தொடையின் உள்பக்கத்திலும் கெண்டையின் உள்பக்கத்திலும் இரண்டு அழுத்தங்கள். இப்படி மூன்று புள்ளிகளில் அழுத்தும்போது உள்பக்க அறையில் விழும் பாரம் கொஞ்சம் குறைகிறது. சாய்வாகச் சுற்றிவரும் பட்டையையோ திருகையோ இறுக்கி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

பலன் கிடைக்க மூன்று நிபந்தனைகள் கூடிவர வேண்டும். ஒன்று, தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேய்ந்த முட்டியில் பாரத்தைத் தள்ளிவிட நல்ல இடம் ஏது? இரண்டு, வளைவு கையால் லேசாகத் தள்ளினால் சற்றாவது சரியாகும்படி இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் படுக்க வைத்துச் சோதித்துச் சொல்வார். இறுகிப்போன வளைவில் பிரேஸ் தோலைத்தான் அழுத்தும். மூன்று, முட்டி ஓரளவு முழுதாக நீள வேண்டும். மடங்கியே நிற்கும் முட்டியில் இது பொருந்தி உட்காராது.

இணையத்தில் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு பக்கம் மாறுவது. இடது கால், வலது கால் என்பது மட்டும் போதாது. தேய்ந்தது உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதும் தெரிய வேண்டும். இடது காலின் உள்பக்கத் தேய்மானத்துக்கான பிரேஸும் வலது காலின் வெளிப்பக்கத் தேய்மானத்துக்கான பிரேஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் தேய்ந்த பக்கத்திலேயே பாரம் கூடும். முதல் நாளே வலி அதிகமானால் "பழகினால் சரியாகும்" என்று பொறுக்காமல் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

பொருத்துபவர் இருக்கும் இடத்தில் வாங்குவதே நல்லது. சில்லின் மையத்திலிருந்து மேலும் கீழும் பெட்டியில் குறித்த தூரத்தில் தொடைச் சுற்றளவையும் கெண்டைச் சுற்றளவையும் எடுக்க வேண்டும். தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழக்கும் முறை இப்படி:

1. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, முட்டியை மடக்கி வைக்கவும். கீலைச் சில்லின் மட்டத்துக்கு நேராக வைத்து, முதலில் கெண்டைப் பட்டை, பிறகு தொடைப் பட்டை. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.
2. சாய்வுப் பட்டையைக் கடைசியில் இறுக்கவும். முதல் வாரம் லேசாகவே இருக்கட்டும்.
3. முதல் நாள் ஒரு மணி நேரம், வீட்டுக்குள். கழற்றியதும் தோலைப் பார்க்கவும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் மெத்தையோ பட்டையோ மாற்ற வேண்டும்.
4. தோல் தாங்கினால் நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டலாம். நடக்கும், நிற்கும் வேளைக்கு மட்டும் போதும். உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் தூங்கும்போதும் தேவையில்லை.

முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, உருண்டையாகத் தட்டுப்படும் எலும்பைத் தடவிப் பாருங்கள். அதை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பட்டையோ கம்பியோ அங்கே அழுத்தினால் பாதத்தின் மேற்புறம் மரக்கும், நாளானால் பாதத்தைத் தூக்கவே முடியாமல் போகும். பாதத்தில் குறுகுறுப்பு வந்த அன்றே பிரேஸைக் கழற்றிப் பொருத்தியவரிடம் போக வேண்டும்.

செலவு வாங்கியதோடு முடியாது. வியர்வையில் உள்மெத்தை நாறும், தேயும். தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வெல்க்ரோவில் நூலும் முடியும் சேர்ந்து பிடி போகும். உடல் மெலிந்தாலோ தசை வளர்ந்தாலோ மறுபடி பொருத்த வேண்டும். இரண்டு முட்டியும் வலிப்பவர் இரண்டு காலிலும் போட்டால், உள்பக்கம் கீல் உள்ள வகை நடக்கும்போது ஒன்றோடொன்று இடிக்கும். அவர் அதிகம் வலிக்கும் காலுக்கு மட்டும் பிரேஸ் போட்டுக் கையில் தடி பிடிப்பதே மேல். விலை கூடிய பிரேஸ் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மருத்துவம் இல்லை: பருமனும் தொல்லையும் தாங்காமல் அதைப் போடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

அது சரியாகப் பொருந்தியவர்களுக்கோ, நின்றுபோன நடை திரும்பக் கிடைக்கிறது. உள்பக்கம் மட்டும் தேய்ந்து, அறுவை சிகிச்சையை இப்போதைக்குத் தள்ளிப்போட விரும்புபவருக்கும், இதய நோய் போன்ற காரணங்களால் அறுவை சிகிச்சை செய்ய இயலாதவருக்கும் பணத்துக்கு ஏற்ற பொருள் இதுவே.

## கைத்தடி

அமெரிக்க வழிகாட்டி பிரேஸுக்கு இணையாக வலுவாகப் பரிந்துரைப்பது கைத்தடியை. சில நூறு ரூபாயில் முடியும், வியர்க்காது, எந்தச் சேலைக்கும் இடைஞ்சல் இல்லை, கழற்றி மாட்ட வேண்டாம். இருந்தும் முட்டி வலிக்காரர்கள் கடைசியாக ஒப்புக்கொள்வது இதைத்தான், வயதானவர் என்று பார்ப்பார்களே என்ற கூச்சத்தால். அந்தக் கூச்சத்துக்கு வீட்டிலுள்ளவர்கள் இடம் கொடுக்கக் கூடாது. விழுந்து இடுப்பெலும்பு முறிவது முட்டி வலியைவிடப் பல மடங்கு கொடியது.

வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கை. தடியும் வலிக்கும் காலும் ஒரே நேரத்தில் முன்னே போக வேண்டும். செருப்புப் போட்டு நின்று, கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். அடியில் உள்ள ரப்பர்க் குப்பியின் வரிகள் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், ஈர டைல்ஸில் அதுதான் காப்பாற்றும். இரண்டு முட்டியும் ஒரே அளவு வலித்தால் ஒற்றைத் தடி போதாது, வாக்கர் பார்க்கலாம். மணிக்கட்டு, தோள் வலி உள்ளவர்களுக்கு நீண்ட நேரம் ஊன்றுவது சிரமம். அவர்களுக்குப் பிரேஸ் மேல்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்குக் கைத்தடி, நாற்கால் ஊன்றுகோல் போன்றவற்றை இலவசமாகத் தர 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது. முகாம் விவரத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம்.

## எதை எடுப்பது

- காலையில் விறைப்பு, லேசான வலி, கால் நேராக உள்ளது: பின்னல் நீ கேப் ஒன்று. இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்த நீ கேப் வாங்காதீர்கள். சிக்கல் துணியில் இல்லை.
- படியில் மட்டும் முன்முட்டி வலி: பட்டையுள்ள சில்லு பிரேஸ், 6 வாரம்.
- உள்பக்க வலி, வில்லாக வளைந்த கால், நின்று எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பக்கத் தேய்மானம்: பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகு ஓஏ பிரேஸ். கையில் பணம் குறைவானால் முதலில் கைத்தடி.
- முட்டி முன்னோக்கி மடங்குகிறது: கைத்தடியும் தொடைப் பயிற்சியும். கீல் பிரேஸ் வேண்டாம்.
- எல்லாப் பக்கமும் தேய்ந்து, இரவிலும் வலி, வீட்டுக்குள்ளேயே முடங்கல்: எந்த பிரேஸிலும் பணத்தைப் போடாமல் மூட்டு மாற்றம் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள்.

காலணிக்குள் வைக்கும் சாய்வு அட்டையையும் சிலர் கேட்பார்கள். அதே அமெரிக்க வழிகாட்டி அதை வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது.

எதை எடுத்தாலும் பலனை எண்ணால் அளந்து பாருங்கள். அணியும் முன் மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: பத்து நிமிட நடை, ஒரு மாடி இறங்குதல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல். ஒவ்வொன்றிலும் வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று காலண்டரில் குறியுங்கள். அணிந்து இரண்டு வாரத்திலும் ஆறு வாரத்திலும் மறுபடி. மூன்றில் இரண்டிலாவது எண் தெளிவாக இறங்காவிட்டால் அந்த பிரேஸ் உங்களுக்கானது இல்லை.

பிரேஸ் போட்டு வலி குறைந்த நேரத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை இறுக்குதல், பத்து முறை. உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், முடிந்த அளவு. நாளுக்கு இரண்டு வேளை. எழுந்து நடக்கவே இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் செய்யும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உடல் எடை கூடுதலாக உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோவுக்கு இருபது. இந்த அளவுக்கு மலிவாகப் பாரம் குறைக்கும் பொருள் கடையில் இல்லை.

முட்டி திடீரெனச் சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், முட்டி மடங்காமலும் நீளாமலும் பூட்டிக்கொண்டால், விழுந்த பிறகு ஊன்றவே முடியாவிட்டால் பிரேஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.